பூங்காவில் தங்க இடம், பதிலுக்கு வேலை: நம் வார்டுக்கு எது சரிப்படும்?

எங்கள் வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் போன மாதம் ஒரு யோசனை வந்தது. பூங்காவைப் பராமரிக்க ஆள் போதவில்லை. இரண்டு தெரு தள்ளி, கடைகள் அடைத்த பிறகு ஷட்டர் ஓரமாக ஏழெட்டுக் குடும்பங்கள் படுத்துத் தூங்குகின்றன. அவர்களைப் பூங்காவுக்குள்ளேயே தங்கவைத்துவிட்டு, கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கழிப்பறை கழுவுவது, இரவில் காவல் பார்ப்பது எல்லாவற்றையும் அவர்களிடம் ஒப்படைத்தால் என்ன? சொன்னவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அக்கறையோடுதான் சொன்னார், பலரும் தலையாட்டினார்கள். அடுத்த கூட்டத்துக்குள் குடியிருப்போர் சங்கம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும் என்று கவுன்சிலர் கேட்டிருக்கிறார். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குடும்பங்களுக்கு இடமும் வேண்டும், வேலையும் வேண்டும். இரண்டையும் கொடுக்க நம்மால் முடியும். ஆனால் இடத்தை வேலைக்குக் கூலியாகக் கொடுக்கக் கூடாது.

இந்த ஏற்பாடு சென்னைக்குப் புதிதும் அல்ல. மாநகராட்சியிடம் எழுநூறுக்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. பலவற்றின் பராமரிப்பு கான்ட்ராக்டில் போகிறது. கான்ட்ராக்ட் எடுத்தவர் ஊரிலிருந்து ஒரு கணவன் மனைவியைக் கூட்டிவந்து மோட்டார் ரூமில் குடிவைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. நம் பூங்காவிலும் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். பம்புக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் இடம். மண்வெட்டி, புல் வெட்டும் மெஷின், பிளீச்சிங் பவுடர் மூட்டை எல்லாம் அதே அறையில். மழைக்காலத்தில் அந்த அம்மா பையனின் யூனிஃபார்மை மோட்டாருக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார், அந்தச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும் என்று. விடிகாலை ஐந்து மணிக்கு வாக்கிங் வருகிறவர்களுக்குக் கேட் திறப்பதில் தொடங்கும் வேலை, இரவு ஒன்பது மணிக்கு மேல் கடைசி ஆளை அனுப்பிப் பூட்டும்வரை ஓயாது. நடுராத்திரியில் யாராவது சுவரேறிக் குதித்தாலும் அவர்கள்தான் எழுந்து பார்க்க வேண்டும். சம்பளம் கணவருக்கு மட்டும். மனைவியின் உழைப்புக்கு, “தங்க இடம் கொடுத்திருக்கோமே” என்பதுதான் கணக்கு. இரண்டு மாதப் பாக்கியை அவர் கொஞ்சம் அழுத்திக் கேட்டார். மறுநாள் சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். வேலை போன அன்றே குடியிருந்த இடமும் போயிற்று, பையனின் பள்ளிக்கூடமும் நடுவருடத்தில் நின்றது. நாங்கள் நாலைந்து பேர் கான்ட்ராக்ட்காரரிடம் பேசிப் பார்த்தோம், பலனில்லை.

அந்த ஆசிரியர் சொன்ன திட்டத்தில் கான்ட்ராக்ட்காரருக்குப் பதிலாக வார்டு வரும், சங்கம் வரும். நல்ல மனிதர்கள் பொறுப்பில் இருக்கும்வரை நன்றாகவே நடக்கலாம். ஆனாலும் படுக்கையின் சாவியும் வருகைப் பதிவேடும் ஒரே கையில் இருந்தால், அந்தக் கை யாருடையதாக இருந்தாலும் எதிரில் நிற்கிறவரால் வாய் திறக்க முடியாது. காய்ச்சலில் படுத்தவர் காய்ச்சலோடு துடைப்பத்தை எடுப்பார். சூப்பர்வைசர் தொந்தரவு கொடுத்தால் ஒரு பெண் அதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

சட்டமும் இதைத் தாங்காது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமான வேலைகள் தொடர்பான வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-ல் சொன்னது. நமக்கு அதைவிடப் பொருத்தமானது அடுத்த ஆண்டு வந்த ராஜஸ்தான் தீர்ப்பு. அங்கே பஞ்ச நிவாரணமாகச் சாலை போடும் வேலை கொடுத்துவிட்டு, ‘இது உதவிதானே’ என்று கூலியைக் குறைத்தார்கள். அதற்கு இடம்கொடுக்கும் மாநிலச் சட்டமும் இருந்தது. உதவி என்று பெயர் வைத்தாலும் வேலை வேலைதான், குறைந்தபட்சக் கூலியைக் கொடுத்தாக வேண்டும் என்று சஞ்சித் ராய் வழக்கில் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இல்லாதவர்களுக்கு ஏதோ செய்கிறோம் என்ற எண்ணத்தோடு தொடங்கினாலும் நாம் வந்து நிற்கப்போவது அதே இடத்தில்தான்.

இந்த ஊர் இதைப் பட்டும் பார்த்திருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் பிழைப்புத் தேடிப் பட்டணத்துக்கு வந்தவர்களை வைத்துத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதியை வெட்டினார்கள். வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்கிறவருக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக்கிலோகூட இல்லை. மண் வெட்டுகிற உடம்பு அதில் நிற்காது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் வெளிப்படையாக எதிர்த்தார். சில மாதங்களில் கூலியை ஏற்ற வேண்டியதாயிற்று. அதற்கும் நூறாண்டு முன்னால், 1782 பஞ்சத்தில், ராயபுரம் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றினார்கள். வேலை செய்தால்தான் கஞ்சி என்று அங்கே யாரும் சொல்லவில்லை. ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னைக்காரர்கள் இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்பது அந்தச் சத்திரத்தை வைத்துத்தான்.

இவ்வளவு சொன்னாலும், ஆசிரியரின் யோசனையில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட நான் தயாராக இல்லை. பூங்கா பக்கத்தில் இருக்கிறது. வால்டாக்ஸ் ரோட்டிலும் யானைக்கவுனியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிளாட்பாரத்தில் இருக்கும் குடும்பங்களைக் கேட்டுப் பாருங்கள், ஏன் அங்கேயே இருக்கிறீர்கள் என்று. காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்வதற்கு முன்பு கொத்தவால் சாவடியில் மூட்டை தூக்கியவர்களின் பிள்ளைகள் அவர்கள். மீன்பாடி வண்டி, பூக்கட்டு, வீட்டு வேலை, இரும்புக்கடை லோடு எல்லாம் அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். 1985-ல் பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில், ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டதும் இதைத்தான்: பிழைப்பு அருகில் இருப்பதால்தான் அவர்கள் அங்கே படுக்கிறார்கள், அந்த இடத்தைப் பிடுங்கினால் பிழைப்பையும் பிடுங்கியதாகும். நகரின் ஓரத்தில் மறுகுடியமர்வுக்காகக் கட்டிய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டவர்களில் பலர் பஸ் செலவும் நேரமும் கட்டுப்படியாகாமல் திரும்பப் பழைய தெருவுக்கே வந்ததை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆகவே இடம் எதுவானாலும் நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். தண்ணீர், கழிப்பறை, சுற்றுச்சுவர், அக்கம்பக்கத்தில் தெரிந்த முகங்கள் என்று பூங்காவிடம் இருப்பவை குறைவான வசதிகள் அல்ல.

இருந்தாலும் பூங்காவுக்குள் படுக்கை போடுவதில் நடைமுறைச் சிக்கல்கள் அதிகம். 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள் சட்டம் பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்புவதைக் கட்டுப்படுத்துகிறது. பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையை மருத்துவமனை கட்டக் கொடுத்ததையே உச்ச நீதிமன்றம் 1991-ல் ரத்து செய்தது. யாராவது ஒருவர் வழக்குப் போட்டால் போதும், நாம் குடிவைத்தவர்களை நாமே வெளியேற்ற வேண்டி வரும். இடமும் போதாது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி காப்பகத்தில் ஓர் ஆளுக்கு 50 சதுர அடி வேண்டும். எட்டுக் குடும்பம், சராசரி நாலு பேர் என்று வைத்தால் 1,600 சதுர அடி. நம் பூங்காவில் பிள்ளைகள் விளையாடும் பகுதி மொத்தமும் அதற்கே சரியாகப் போய்விடும். போதாக்குறைக்கு நகரின் பல பூங்காக்களை இப்போது மழைநீரை உள்ளே தேக்கும் ஸ்பான்ஜ் பூங்காக்களாக மாற்றியிருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்பதற்கென்றே பள்ளம் எடுத்த இடம் அது. அந்த மாதங்களில்தான் கூரை அதிகம் தேவைப்படும்.

டெல்லியில் பூங்காவுக்குள் காப்பகம் உண்டு. ஜாமா மசூதி எதிரே உர்தூ பார்க்கில் பெண்களுக்கென்றே தனியாக இருக்கிறது. குளிர் ஆளைக் கொல்லும் ஊரில், கிடைத்த நிலத்தில் தற்காலிகக் கூடாரம் போட்டார்கள், அது உயிர்களைக் காப்பாற்றியது. ஆனால் 2023 பிப்ரவரியில், ஜி-20 மாநாட்டுக்காக நகரை அழகுபடுத்தும் பணிகள் நடந்துகொண்டிருந்தபோது, சராய் காலே கான் பஸ் நிலையம் எதிரே இருந்த காப்பகத்தை இடித்துத் தள்ளினார்கள். நகரத்துக்கு அந்த இடம் வேறு எதற்காவது தேவைப்படும் நாளில் தற்காலிகக் கூடாரம்தான் முதலில் போகும்.

அடுத்த வழி, ஏற்கெனவே நடக்கிற வீடற்றோர் காப்பகம். 2010-ல் உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் என்றும், வருடம் முழுக்க, 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. விரிவாக்கப்பட்ட சென்னையின் 2011 மக்கள்தொகை சுமார் 67 லட்சம். அந்தக் கணக்குக்கே 67 வேண்டும். இங்குள்ள காப்பகங்களைத் தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. இடத்துக்காக யாரும் வேலை செய்ய வேண்டியதில்லை, அதுதான் இவற்றின் பெரிய பலம். குறை என்னவென்றால், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று என்று பிரித்திருக்கிறார்கள். குடும்பத்தோடு தங்கும் காப்பகம் மிகக் குறைவு. புருஷன் ஒரு வார்டில், பெண்டாட்டி வேறு வார்டில், வளர்ந்த பையன் மூன்றாவது இடத்தில் என்றால் எந்தக் குடும்பம் போகும்? மழைக்குக்கூட போகமாட்டார்கள். பிளாட்பாரத்தில் சேர்ந்தாவது இருக்கிறோம் என்பார்கள், அதைக் குற்றம் சொல்ல முடியாது.

தனியாக இருப்பவர்கள் விஷயம் வேறு. நம் பஸ் நிறுத்தத்தில் இருக்கும் முதியவருக்கும், கோயில் வாசலில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் காப்பகம்தான் முதல் படி. அவர்களிடம் துடைப்பத்தைக் கொடுத்து, செய்தால்தான் படுக்கை என்று சொல்வது கொடுமை. சென்னையில் 1993-லிருந்து இயங்கும் ‘தி பான்யன்’ அமைப்பு, மனநலம் குன்றித் தெருவுக்கு வந்த பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்து, பிறகு நாலைந்து பேராகச் சாதாரண வாடகை வீடுகளில் குடிவைக்கிறது. முதலில் இருக்க இடம், மருந்து, சோறு. தெம்பு வந்த பிறகு, விரும்பினால் வேலை. இந்த வரிசையை மாற்றினால் அவர்கள் திரும்பத் தெருவுக்கே போய்விடுவார்கள்.

2025 பிப்ரவரியில் வீடற்றோர் காப்பகம் பற்றிய வழக்கு விசாரணையின்போதே, இலவசங்களால் மக்கள் உழைக்கத் தயங்குகிறார்கள் என்று உச்ச நீதிமன்ற அமர்வு கருத்துச் சொன்னது. நம் கூட்டத்திலும் ஒருவர் அதை எடுத்துச் சொன்னார். நான் அவரை அழைப்பது விடிகாலை மூன்றரை மணிக்கு நம் கடைத்தெருவுக்கு. அந்த ஷட்டர் ஓரத்தில் அந்த நேரம் பாதிப் பாய் சுருட்டியிருக்கும். பெண்கள் பூ வாங்கக் கிளம்பியிருப்பார்கள், ஆண்கள் காய்கறி லோடு இறக்கப் போயிருப்பார்கள். ஆதாரையும் ரேஷன் கார்டையும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள். ஓட்டு இருக்கிறது, வேலை இருக்கிறது. அந்த வேலையின் கூலிக்குச் சென்னையில் வீடு கிடைப்பதில்லை.

மூன்றாவது வழி, இடத்தைப் பற்றிப் பேசாமல் முறையான வேலையை மட்டும் கொடுப்பது. இதற்குத் திட்டங்கள் இருக்கின்றன. கேரளத்தில் 2010-லிருந்து அய்யன்காளி நகர்ப்புற வேலை உறுதித் திட்டம் ஆண்டுக்கு 100 நாள் வேலை தருகிறது. தமிழ்நாட்டில் 2022-ல் 100 கோடி ரூபாயில் நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். கால்வாய் தூர்வாருதல், நாற்றங்கால், பூங்கா பராமரிப்பு எல்லாம் அதன் வேலைப் பட்டியலில் இருந்தன. கூலி வங்கிக் கணக்குக்குப் போவதால் இடையில் யாரும் கைவைக்க முடியாது. ஆனால் அன்றாடம் காய்ச்சிகளுக்கு வாரம் கழித்து வரும் கூலி உதவாது, அன்று சாயங்காலம் அரிசி வாங்க வேண்டும். அமெரிக்காவின் ஆல்புகர்க்கி நகரத்தில் 2015-ல் தொடங்கிய ஏற்பாடு இந்த இடத்தில் கவனிக்கத்தக்கது. தெருவில் கையேந்தி நிற்பவர்களை ஒரு வேன் அழைத்துப் போய், நகரைச் சுத்தம் செய்யும் வேலை கொடுத்து, மணிக்கு 9 டாலர் கூலியும் மதியச் சாப்பாடும் தந்தது. மாலையில் உதவி மையத்தில் கொண்டுபோய் விட்டது. கூலி கையில் வந்தது, உதவி தனியாக இருந்தது. வேலைக்கு வராதவருக்கும் மையத்தின் கதவு திறந்திருந்தது. ஒரு வேனால் எத்தனை பேருக்கு வேலை கொடுக்க முடியும் என்ற கேள்வி உண்டு. ஆனால் பிரித்துவைத்த முறை சரி.

நாலாவது வழி வாடகை வீடு. செலவு என்று நினைத்து நாம் இதைப் பேசவே மாட்டோம், நான் அதிகம் யோசித்தது இதைத்தான். டோக்கியோவில் உவேனோ, யோயோகி, ஷின்ஜுகு போன்ற பூங்காக்களில் நீலத் தார்ப்பாய்க் கூடாரங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. 2003-ல் ஜப்பான் முழுக்க எடுத்த கணக்கில் வீடற்றவர்கள் 25,000-க்கு மேல். 2004-ல் டோக்கியோ நிர்வாகம், கூடாரவாசிகளைச் சின்ன அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியது. மாத வாடகை 3,000 யென், அந்த ஊரில் பெயருக்கு வாங்குகிற தொகை. இரண்டு வருட ஒப்பந்தம், கூடவே பூங்கா சுத்தம் செய்வது போன்ற தற்காலிக வேலைகள். வேலை, பூங்கா, தங்குமிடம் மூன்றும் இதிலும் உண்டு. ஆனால் படுக்கை பூங்காவில் இல்லை, பூட்டுப் போடும் கதவுள்ள வீட்டில் இருந்தது. வயதானவர்கள் பலருக்கு அந்தத் தற்காலிக வேலை முடிந்த பிறகு நிரந்தர வேலை கிடைக்கவில்லை, அரசின் வாழ்வாதார உதவித்தொகைதான் அவர்களை வீட்டில் நிறுத்தியது. புதிதாக யாரும் கூடாரம் போடாதபடி பூங்காக்களைக் கெடுபிடியாக்கியதும் அந்தத் திட்டத்தோடு சேர்ந்தே வந்தது, அது எனக்கு உவப்பில்லை. இருந்தாலும் 2024-ல் நாடு முழுக்க எண்ணிக்கை 3,000-க்கும் கீழே வந்திருந்தது.

நம் ஊரில் வாடகையைவிடப் பெரிய சுவர் அட்வான்ஸ். ஐயாயிரம் ரூபாய் வாடகையைப் புருஷன் பெண்டாட்டி இருவரும் உழைத்தால் கட்டிவிடலாம். பத்து மாத அட்வான்ஸ் ஐம்பதாயிரத்தை எங்கே போய்ப் புரட்டுவார்கள்? 2017-ம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. ‘வேறு உடன்பாடு இருந்தாலொழிய’ என்ற வாசகமும் அதிலேயே இருப்பதால் எல்லோரும் பழைய வழக்கத்திலேயே போகிறார்கள். அந்த அட்வான்ஸுக்கு யாராவது பொறுப்பேற்றால் நம் ஏழெட்டுக் குடும்பங்களில் பாதியாவது அடுத்த மாதமே வீட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். பணம் வீட்டுக்காரரிடம் பத்திரமாக இருக்கும், காலி செய்யும்போது திரும்பி வரும். போன வருடம் பூங்கா நீரூற்றுக்கு நம் சங்கம் வசூலித்ததில் இரண்டு குடும்பத்தின் அட்வான்ஸ் அடங்கியிருக்கும்.

ஆகவே நான் முன்வைப்பது இது. நம் பூங்காவின் வேலைகளில் குறைந்தது நாலு இடங்களை அந்தக் குடும்பங்களுக்கு ஒதுக்கும்படி மாநகராட்சியைக் கேட்போம். அடுத்த டெண்டரில் நிபந்தனையாகவே அதைச் சேர்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் தினக்கூலிக்குக் குறையாத கூலி, கணவன் மனைவி இருவரும் வேலை செய்தால் இருவருக்கும் தனித்தனிக் கணக்கு, பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் வேண்டும். முதல் மாதம் மட்டும் தினமும் ஒரு பகுதியைக் கையில் கொடுக்க வழி செய்ய வேண்டும். இரவுக் காவல் தனி ஷிஃப்ட், அதற்குத் தனி ஆள். மோட்டார் ரூமில் இனி யாரும் குடியிருக்கக் கூடாது. அட்வான்ஸுக்குச் சங்கம் ஒரு சுழல்நிதி தொடங்கட்டும். தனியாக இருக்கும் முதியவர்களைக் காப்பகத்தில் சேர்க்க வார்டின் உதவிப் பொறியாளர் (ஏ.இ.) மூலம் ஏற்பாடு செய்வோம். வீடு அமையும்வரை மழைக்காலத்துக்கு, பூங்காவை ஒட்டியுள்ள சமுதாய நலக்கூடத்தைக் குடும்பத்தோடு தங்கத் திறந்துவிடலாம். 2020 ஊரடங்கில் மாநகராட்சி பள்ளிகளையும் கூடங்களையும் அப்படித் திறந்துவிட்டதை நாம் பார்த்தோம்.

ஒரு வரியில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வேலைக்கு வராததற்காகவோ, வேலையிலிருந்து நின்றதற்காகவோ யாருடைய தங்குமிடமும் பறிக்கப்படாது என்பது தீர்மானத்தில் எழுத்தில் இருக்க வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் குடும்பங்களிடம் யாரும் இன்னும் பேசவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை கடைகள் மதியமே மூடிவிடும், சாயங்காலம் எல்லோரும் அங்கே இருப்பார்கள். யார் பூங்கா வேலைக்கு வர விரும்புகிறார், யாருக்கு ஏற்கெனவே உள்ள பிழைப்பே போதும், எந்தத் தெருவில் வாடகைக்குக் கேட்டால் வீட்டுக்காரர் கொடுப்பார் என்று உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் தீர்மானத்தை எழுத வேண்டும். பெண்களிடம் பேசச் சங்கத்திலிருந்து இரண்டு பெண்களாவது வந்தால் நல்லது. வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.